வழக்குரைக்கும் நா

மேடையில் நின்று பேசுவோர் பலர். பேச்சு இனிமையாக அமைந்தால் கேட்போர் கைதட்டி மகிழ்வர்; அமையாவிடில் கொட்டாவி விட்டுக் கலைந்து செல்வர். அதனால் எவர்க்கும் பெருங்கேடு நேர்வதில்லை. வழக்கறிஞரின் பேச்சோ வேறு வகையானது. அவர் சொல் தவறினால் ஓர் ஏழைக் குடும்பத்தின் நிலம் கைமாறிப் போகலாம். குற்றமற்ற ஒருவன் ஆண்டுக்கணக்காகச் சிறையில் வாட நேரலாம். சிற்சில வேளைகளில் ஓர் உயிரே பறிபோகலாம். அவருக்குப் பின்னால் ஒருவர் வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறார். சட்டம் அவர் அறியாதது. மன்றம் அவருக்குப் புதியது. தம் துன்பத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதும் அவருக்கு விளங்குவதில்லை. ஆதலின், பேசும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த ஒருவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வாறு பிறர்பொருட்டுப் பேசும் ஆற்றலை மாந்தர் எங்ஙனம் பெறுகின்றனர்? அது பிறவியிலேயே அமைவது என்பர் சிலர். வழக்கறிஞர்களின் வரலாறு அக்கூற்றுக்குச் சான்று பகர்வதாகத் தோன்றவில்லை.

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், அவையறிதல், அவையஞ்சாமை என மேலும் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். கற்றவனும் அவையைக் கண்டவுடன் நடுங்கக்கூடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

பண்டைய ஏதென்ஸ் நகரில் அந்நடுக்கம் பெரும்பாலோர்க்கு உரியதாய் இருந்தது. அங்கே வழக்குடையவர் தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்தல் வேண்டும். உரையை எழுதிக் கொடுப்பதற்கு வல்லுநர் இருந்தனர். ஆயினும் எழுந்து நின்று பேசும் பொறுப்பு வழக்காளியையே சாரும். எதிரே நூற்றுக்கணக்கான நடுவர் வீற்றிருப்பர். ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு நீர் வடிந்துகொண்டிருக்கும்; நீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. டெமாஸ்தனிஸ் என்னும் நாவலர் வாயில் கூழாங்கற்களை இட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்னும் செய்தியைக் கேளாத மாணவர் அரியர். அவர் பேச வந்த காரணத்தை அறிந்தவரோ சிலரே ஆவர். அவருக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்தார். விட்டுச் சென்ற பெருஞ்செல்வத்தைக் காப்பாளர் மூவர் கையாண்டு பாழாக்கினர். அவர் வளர்ந்து ஏறக்குறைய இருபது வயதை எய்தியதும், மரபுரிமை வழக்குகளில் தேர்ந்த இசேயஸ் என்பவரைத் துணைக்கொண்டு, காப்பாளர்மீது வழக்குத் தொடுத்துத் தாமே வாதிட்டு வென்றார். கூழாங்கல் பின்னர் வந்தது. முதலில் வந்தது வழக்கு.

டெமாஸ்தனிஸ் தம்பொருட்டுப் பேசக் கற்றார். பிறர்பொருட்டுப் பேசுவதற்கென்றே தடுமாறும் தம் நாவைத் திருத்திக்கொண்டவர் ஒருவர் அயர்லாந்து நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் பில்பாட் கரன் என்பது.

கரன் 1750ஆம் ஆண்டில், கார்க் மாவட்டத்தைச் சார்ந்த நியூமார்க்கெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் எளியது. அவர் உருவத்திற் குறுகியவர். அழகர் என்று அவரை எவரும் சொன்னதில்லை. போதாக்குறைக்கு நாவும் திக்கிற்று. பள்ளித் தோழர் அவரைத் திக்குவாய்க் கரன் என்றே அழைத்தனர். அக்காலத்து அயர்லாந்துச் சிற்றூர்களில், இறப்பு நேர்ந்த இல்லங்களில் பெண்டிர் கூடி, இறந்தவர் பெருமையைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவர். தமிழ்நாட்டு ஒப்பாரியை நினைவூட்டும் அப்புலம்பலைக் கேட்டே சொல்லின் ஆற்றலை முதன்முதல் உணர்ந்ததாகக் கரன் பிற்காலத்தில் கூறுவதுண்டு. பெருநூல்களைக் கற்பதற்கு முன்பே ஊர்ப்பெண்டிரின் அழுகுரல் அவருக்கு ஆசானாயிற்று.

டப்ளின் நகரத்து டிரினிட்டிக் கல்லூரியில் பயின்ற பின்னர், 1773ஆம் ஆண்டில் அவர் சட்டம் கற்க லண்டனுக்குச் சென்று, மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். முற்காலத்தில் அத்தகைய கழகங்களில் மாணவர் கற்பனையாக வழக்குகளை அமைத்துக்கொண்டு, மூத்தோர் முன்னிலையில் வாதிட்டுப் பழகினர். கரன் சென்ற காலத்தில் அவ்வழக்கம் தேய்ந்துபோய், குறித்த தவணைகளில் கழக மண்டபத்தில் விருந்துண்டால் போதும் என்னும் நிலை வந்திருந்தது. விருந்துண்பதும் நாவுக்கு ஒரு பயிற்சிதான். ஆனால் வழக்குரைக்க அது சிறிதும் உதவாது. ஆகவே, இளைஞர் கூடி வாதம் புரியும் சங்கங்களை நாடினார் கரன்.

முதல் நாள் அவர் எழுந்து நின்று, தலைவரை விளித்தார். அடுத்த சொல் வரவில்லை. அங்கிருந்தவர் ஆறேழு பேரே ஆவர். ஆயினும் உலகத்துக் கண்கள் யாவும் தம்மையே நோக்குவனபோல் அவருக்குத் தோன்றிற்று. உடல் நடுங்க, நா வறள, அப்படியே அமர்ந்துவிட்டார். அதன்பின் அவர் சங்கத்துக்கு வருவதும் வாய் திறவாமல் இருப்பதுமாகச் சில காலம் கழிந்தது. ஒருநாள் பேசியவர் ஒருவர், கரனைச் சுட்டி, ‘ஊமை நாவலர்’ என்று எள்ளி நகையாடினார். சினம் அச்சத்தை மறக்கச் செய்தது. கரன் எழுந்தார்; தடங்கலின்றிப் பேசினார்; கேட்டோர் வியந்தனர். தம்மை மறந்த நிலையில் நா தடுமாறவில்லை என்னும் உண்மை அன்று அவர்க்குப் புலனாகியிருத்தல் வேண்டும்.

ஒருநாட் சினம் நாள்தோறும் உதவாது என்பதை அவர் அறிவார். ஆதலின், கடும்பயிற்சியை மேற்கொண்டார். நாள்தோறும் கண்ணாடியின் முன் நின்று, சிறந்த ஆசிரியர்களின் நூல்களை உரத்த குரலில், மெல்ல மெல்லப் படித்தார். விரைந்து பேசினால் நா திக்கும். ஆகவே ஒவ்வோர் அசையையும் நிறுத்தி ஒலித்தார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சீசரின் உடலருகே நின்று அந்தோணி பேசும் பேச்சை அவர் மிகவும் விரும்பிப் பயின்றார். தனியறையில் ஒரு வழக்கைக் கற்பனை செய்து, ஜூரிகள் எதிரே இருப்பதாகப் பாவித்து, ஒரு கட்சிக்காக வாதிடுவார்.

இவ்வளவு பயின்றும் முதல் சோதனையில் அவர் தோற்றார் என்பதை மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. 1775ஆம் ஆண்டில் அவர் அயர்லாந்தில் வழக்கறிஞரானார். முதன்முதல் கிடைத்த வேலை மிகச் சிறிது; வழக்குக் குறிப்பிலிருந்து ஒரு சிறு வாக்கியத்தை மன்றத்தில் படித்துக் காட்டுதல் வேண்டும். அவர் அதனை விரைந்தும் தாழ்ந்த குரலிலும் படித்தார். நீதிபதி, சற்று உரக்கப் படிக்குமாறு பணித்தார். அவ்வளவில் கரனுக்கு நா எழவில்லை. கையிலிருந்த தாள் நழுவிக் கீழே விழுந்தது. அருகிலிருந்த நண்பர் அதனை எடுத்துப் படித்து முடித்தார். சங்கத்தில் பெற்ற துணிவு மன்றத்துக்கு உடன் வரவில்லை.

துணிவு வந்தது ஐந்து ஆண்டுகள் கழித்து, ஒரு முதியவரின் பொருட்டு. அக்காலத்து அயர்லாந்து மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்க சமயத்தினர். ஆனால் ஆட்சியும் நிலமும் புராட்டஸ்டண்டு சமயத்தினர் சிலர் கையில் இருந்தன. கத்தோலிக்கர் ஒருவர் வழக்கறிஞராவதற்கு 1792ஆம் ஆண்டுவரை சட்டம் இடந்தரவில்லை. அவர்கள் நீதி கேட்க வேண்டுமாயின் மாற்றுச் சமயத்தவரின் நாவையே இரவல் வாங்குதல் வேண்டும். இந்நிலையில் டொனரேல் பிரபு என்னும் பெருநிலக்கிழார், நீல் என்னும் வயது முதிர்ந்த பாதிரியாரிடம் சென்றார். பிரபுவுக்கு வேண்டியவர் ஒருவர்மீது ஆயர் விதித்திருந்த சமயத் தண்டனையை நீக்குமாறு கட்டளையிட்டார். ஆயர் விதித்ததை ஆயரே நீக்க இயலும் என்று முதியவர் பணிவுடன் மறுத்தார். பிரபு சவுக்கை ஓங்கி அவரை அடித்தார்.

பாதிரியார் வழக்குத் தொடுக்க எண்ணினார். அவருக்காகப் பேச வழக்கறிஞர் எவரும் முன்வரவில்லை. பிரபுவைப் பகைத்துக்கொண்டு அம்மாவட்டத்தில் தொழில் நடத்துதல் எளிதோ? புராட்டஸ்டண்டு சமயத்தவராகிய கரன் அவ்வழக்கை ஏற்றார். 1780ஆம் ஆண்டில் கார்க் நகரில் விசாரணை நிகழ்ந்தது. ஜூரிகளும் பிரபுவின் சமயத்தவரே. அவர்கள் முன்னிலையில், ஒரு முதியவர் தம் கடமையைச் செய்ததற்காக அடிக்கப்பட்டார் என்னும் ஒரே செய்தியைக் கரன் நிலைநாட்டினார். ஜூரிகள் பாதிரியாருக்கு 30 கினி இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தனர். தொகை சிறிதுதான். ஆயினும் பிரபு ஒருவர் கத்தோலிக்கப் பாதிரியார்க்குப் பணம் செலுத்த நேர்ந்தது என்னும் செய்தி ஊரூராகப் பரவிற்று. தாள் நழுவிய கை அன்று நடுங்கவில்லை. ஐந்தாண்டுப் பயிற்சி அதற்குக் காரணம் என்னலாம். அன்று அவர் தம்மைப்பற்றி எண்ணுவதற்கு இடமில்லாதிருந்தது என்பதே பெருங்காரணமாகத் தோன்றுகிறது.

குரலைப் பழக்குதல் இக்கல்வியின் ஒரு பகுதியே. மற்றொரு பகுதியைக் காந்தியடிகளின் வாழ்க்கையில் காணலாம். அவரும் லண்டன் சட்டக் கழகம் ஒன்றில், தவணைதோறும் விருந்துண்டு, தேர்வெழுதி, 1891ஆம் ஆண்டில் பாரிஸ்டர் ஆனவர். நூல்களைக் கற்றிருந்தார், வழக்கு நடத்தக் கற்றிலர். தாயகம் திரும்பிய பின், பம்பாயில் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில், பிரதிவாதியாகிய ஓர் அம்மையாருக்காக அவர் தோன்றினார். கட்டணம் 30 ரூபாய். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். எழுந்து நின்றார், தலை சுற்றிற்று, மன்றமே சுழல்வதுபோல் இருந்தது, கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு சொல்லி, வாங்கிய பணத்தையும் திருப்பித் தர இசைந்து, விரைந்து வெளியேறினார். தென்னாப்பிரிக்கா செல்லும்வரை அவர் மீண்டும் நீதிமன்றத்தில் வழக்குரைக்கவில்லை.

1893ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்கா சென்றது, தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்கில் உதவுவதற்காக. 40,000 பவுன் பற்றிய வழக்கு அது. முழுவதும் கணக்குகளால் ஆனது. காந்தியடிகளுக்குக் கணக்கு எழுதும் முறை தெரியாது. அதனை விளக்கும் நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். பேரேடுகளைப் புரட்டினார், கடிதங்களை ஒப்பிட்டார், எது உண்மை, எது ஐயத்துக்கு உரியது என்று பிரித்தார். வழக்கின் உண்மைச் செய்திகளே சட்டத்தில் முக்கால் பங்கு என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது இங்கேதான். பிரிட்டோரியா நகரத்து இந்திய வணிகரைக் கூட்டி, வாணிகத்தில் வாய்மையைப்பற்றி அவர் பேசியதும் அக்காலத்தில்தான். சொல்ல வேண்டிய பொருளை நன்கு ஆய்ந்து சென்றதால் அன்று நா தடுமாறவில்லை. அதனையே தம் முதற் சொற்பொழிவு என அவர் குறித்துள்ளார். வழக்கும் மன்றத்தில் முடியவில்லை. இருதரப்பாரும் உறவினர். அவர்களை இசையச் செய்து, நடுவர் ஒருவரிடம் வழக்கை விடச் செய்தார். 37,000 பவுனும் செலவும் தருமாறு தீர்ப்பாயிற்று. ஒரே வேளையில் செலுத்தினால் தோற்றவர் அழிந்துபோவார் என்பதை உணர்ந்து, தவணைகளில் பெற்றுக்கொள்ளுமாறு வென்றவரை வேண்டி இசைவித்தார். அதுவும் வழக்குரைத்தலே அன்றோ?

செய்திகளின் வலிமையைத் தமிழர் முன்னரே அறிவர். சிலப்பதிகாரத்தில் ஒரு பகுதிக்கு ‘வழக்குரை காதை’ என்றே பெயர். கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்தபோது அவள் பக்கம் நின்று பேச எவரும் இலர். தான் யார், தன் ஊர் எது, தன் கணவன் யார், அவன் எதன்பொருட்டு மதுரைக்கு வந்தான் என்பவற்றை முறையாகச் சொன்னாள். கள்வனைக் கொல்லுதல் முறையே என்று அரசன் கூறியதும், அவள் பழித்துரைப்பதோடு நின்றுவிடவில்லை. தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. சிலம்பு உடைந்தது, வழக்கும் முடிந்தது. சினம் மிக்க உள்ளத்தோடும் சான்றை நாடிச் சென்றதே அவ்வழக்குரையின் சிறப்பு.

இக்காலத்துச் சட்டக் கல்லூரிகளில் மாதிரி நீதிமன்றம் என்னும் பயிற்சி உண்டு. இலண்டன் கழகங்கள் கைவிட்ட பழைய வழக்கமே மீண்டும் உயிர்பெற்றது எனலாம். ஆசிரியர் ஒரு கற்பனை வழக்கை எழுதித் தருவர். மாணவர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவர். நீதிபதியின் இருக்கையில் ஆசிரியரோ அனுபவம் முதிர்ந்த வழக்கறிஞரோ அமர்வர். பன்னாட்டு மாணவர் கலந்துகொள்ளும் ஜெசப் போட்டி 1960ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. முதன்முறை வாதிட வரும் மாணவர் பெரும்பாலும் தம் உரையை நெட்டுருப் போட்டு வருவர். இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நீதிபதி ஒரு கேள்வி கேட்பார். நெட்டுரு அங்கேயே அறுந்துவிடும். சிலர் கேள்வியைக் கேளாதவர்போல் விட்ட இடத்திலிருந்து தொடர்வர். அவர் நிலை இரங்கத்தக்கது. மேடைப் பேச்சுக்கும் வழக்குரைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் விளங்கும். மேடையில் கேட்பவர் வாய் திறப்பதில்லை. மன்றத்தில் கேட்பவரே வினவுவார்; அவர் ஐயம் எதுவோ அதுவே வழக்கின் முடிச்சு. அதனை அவிழ்க்காமல் எவ்வளவு அழகாகப் பேசினும் பயனில்லை. ஆகவே, நல்ல ஆசிரியர் இம்மாணவருக்கு முதலில் கற்பிப்பது பேசுவதை அன்று, கேட்பதை. கேள்வி முடியும்வரை காத்திருத்தல், நேராக விடையிறுத்தல், தமக்கு மாறான செய்தியை மறைக்காமல் ஒப்புக்கொண்டு அதற்கு விளக்கம் தருதல் ஆகியவை அதன் பின்னரே கைவரும்.

எவ்வளவு நேரம் பேசுவது என்பதும் கற்க வேண்டியதே. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் பொதுவாக அரை மணி நேரமே கிடைக்கும். இந்திய உச்ச நீதிமன்றத்திலோ கேசவானந்த பாரதி வழக்கு, 1972ஆம் ஆண்டில் தொடங்கி மறு ஆண்டுவரை, 13 நீதிபதிகள் முன்னிலையில் 68 நாள் நடந்தது. அவ்வழக்கில் அரசியலமைப்பின் அடிப்படையைக் காக்க வாதிட்டவருள் தலையாயவர் பால்கிவாலா. இளமையில் அவர் நாவும் திக்கியது என்பது நினைக்கத்தக்கது.

வழக்குரைக்கும் ஆற்றல் எப்பொழுதும் வெற்றியைத் தரும் என்று எண்ணுதல் பிழை. கரனின் புகழ்பெற்ற உரைகளுட் பல, தோற்ற வழக்குகளிற் பேசப்பட்டவை. 1794ஆம் ஆண்டில் ஹாமில்டன் ரோவன் என்பவருக்காக அவர் ஆற்றிய உரையைக் கேட்டோர் உள்ளம் உருகினர். ஜூரிகள் ரோவனைக் குற்றவாளி என்றே முடிவு செய்தனர். 1798ஆம் ஆண்டில் அயர்லாந்தில் கிளர்ச்சி மூண்டது. ஹென்றி ஷியர்ஸ், ஜான் ஷியர்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர்மீது அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களும் வழக்கறிஞர்களே. பிறர்க்காகப் பேசிப் பழகிய அவ்விருவருக்கும், உயிர் ஊசலாடிய அவ்வேளையில், தமக்காகப் பேச மற்றொருவர் வேண்டியிருந்தது. ஜூலை 12ஆம் நாள் தொடங்கிய விசாரணை நள்ளிரவையும் கடந்தது. கரன் பேச வேண்டிய வேளை வந்தபோது, 16 மணி நேரம் மன்றத்தில் இருந்து களைத்துப் போயிருந்தார். சற்று ஓய்வு தருமாறு வேண்டினார். அரசுத் தரப்பு மறுத்தது, நீதிபதியும் இசையவில்லை. அக்களைப்போடே எழுந்து அவர் பேசினார். விடிந்தபின் தீர்ப்பு வந்தது. ஜூலை 14ஆம் நாள் உடன்பிறந்தார் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

அதே மாதத்தில் ஆலிவர் பாண்டு என்பவருக்காகவும் கரனே மன்றத்தில் எழுந்து நின்றார். அவர் பேசிக்கொண்டிருக்கையில், அங்குக் கூடியிருந்த படைவீரர் தம் படைக்கருவிகளை ஒலித்து இடைமறித்தனர். கரன் சற்று நின்றார். ஒலி அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.